வெள்ளத்தில் நின்ற கார்

சிரிக்காதீர்கள். ஓல்டன் கராஜில் நான் விட்டுப்போன மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் சொல்ல விரும்புவது இதுதான். போன மாதம் உங்களைப் பார்க்க வந்திருந்தேன். நீளமான அமெரிக்கக் கார் ஒன்றைப் பற்றி விசாரித்துவிட்டு ஒரு தமிழர் வெளியே போனார். கதவு மூடுவதற்குள் உங்களில் ஒருவர், "எங்கட வேலிக்குள்ள கப்பல் ஓட்டப் போறாராம்" என்று சொல்ல, மற்றவர்கள் சிரித்தீர்கள். அந்த மனிதருக்கு அது கேட்டிருக்கும். எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போன பிறகும் அது ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி இந்தச் சுவிஸ் நாட்டுக் கராஜ்களின் வாடிக்கையாளர் மேசையில் போனது. முதலில் ஷ்லீரனில், பிறகு ஓல்டனில். இரண்டும் அமெரிக்கக் கார்களை விற்கிற, திருத்துகிற இடங்கள். நான் கார் திருத்தத் தெரிந்தவள் அல்ல. வருகிறவர்களோடு கதைப்பதும், சாவியை வாங்குவதும், சாவியைக் கொடுப்பதும் என் வேலை. அந்த மேசையில் இருந்தபடியே இந்தக் கார்களை வைத்திருந்தவர்களின் சந்தோஷத்தையும் புலம்பலையும் கேட்டேன்.

சந்தோஷம் உண்மையானது. மூன்று வளர்ந்த பிள்ளைகள் பின்னால் இருந்து இத்தாலி வரை போய் வந்தும் ஒருவரோடு ஒருவர் சண்டை பிடிக்கவில்லை என்று ஒரு தாய் வந்து சொல்லியிருக்கிறார். இடுப்பு நாரியில் நோவோடு இருந்த ஒரு பஸ் சாரதி, இந்தக் காரில் போய் இறங்கும்போதுதான் தனக்கு நாரி ஒன்று இருப்பதையே மறந்து போவதாகச் சொன்னார். புலம்பலும் உண்மையானது. நிலத்தடித் தரிப்பிடத்தில் தூணை உரசாமல் திருப்ப முடியாது. ஷ்லீரனில் ஒருவர் மனைவி பிள்ளைகளை மழையில் வாசலில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோய் விடுவார். ஒரு சின்னக் கண்ணாடி உடைந்தால் அது கடல் தாண்டி வரும்வரை காத்திருக்க வேண்டும். அமெரிக்காவில் சிவப்பாக மின்னுகிற திரும்பும் விளக்கை இங்கே செம்மஞ்சளாக மாற்றினால்தான் றோட்டில் விடுவார்கள். பெற்றோல் செலவை நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே வாங்க வருகிறவரிடம் முதலில், "உங்கட தரிப்பிடத்தை அளந்து கொண்டு வாங்கோ" என்று சொல்லுங்கள். மாற்று விளக்கு போட்டாயிற்றா, உதிரிப்பாகம் யார் எடுத்துத் தருவார்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: "ஏன் இந்தக் கார்?" கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பதிலைக் கேளுங்கள்.

தவராசா அண்ணையிடம் நான் அப்படித்தான் கேட்டேன். வில் என்ற ஊரில் ஓர் உலோகத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மெலிந்த, அதிகம் கதைக்காத மனிதர். ஷ்லீரனில் எங்கள் கராஜுக்கு மனைவி மலரோடு வந்தார். மலர் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்தபோது படியில் விழுந்து முழங்கால் நொறுங்கியவர். பல அறுவைச் சிகிச்சைகளுக்குப் பிறகு அந்தக் காலை மடங்காதபடி நேராகப் பொருத்திவிட்டார்கள். ஊன்றுகோலோடு நன்றாக நடப்பார். ஆனால் அவர்களுடைய சின்னக் காரில் முன்னால் இருக்க முடியாது. பின் இருக்கையில் குறுக்காக, காலை நீட்டியபடி, முதுகைக் கதவில் சாத்திக்கொண்டு வர வேண்டும்.

"இவ பின்னுக்கு மரக்கறிப் பை மாதிரிக் கிடக்கிறா," என்றார் தவராசா அண்ணை. "ஏதும் கதைக்கிறதெண்டால் நான் கண்ணாடியைப் பாத்துக் கதைக்கவேணும். பக்கத்தில இருத்திக்கொண்டு போக ஆசை. வேற ஒண்டும் இல்லை."

நீங்கள் சிரித்தீர்களே, அப்படிக் கப்பல் ஓட்ட வந்த இன்னொருவரின் காரணம் இதுதான்.

எங்கள் முற்றத்தில் கருநீல நிறத்தில் ஒரு பெரிய கார் நின்றது. அமெரிக்காவிலிருந்து கொஞ்ச நாளைக்கு முன்புதான் கப்பலில் வந்தது. அதைக் காட்டியவர் பிரதீபன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், கெட்டிக்காரர், சிரித்த முகம். தமிழ்க் குடும்பங்கள் இப்படியான கார்களை விரும்பத் தொடங்கியதைக் கண்டு எங்கள் ஷெஃப், கராஜ் முதலாளி, அவரை விற்பனைக்கு எடுத்திருந்தார். பிரதீபன் எல்லாரையும் அண்ணை, அக்கா என்றுதான் கூப்பிடுவார். "நீங்கள் எங்கட ஆக்கள், உங்களுக்குப் பிழையான சாமான் தருவனோ?" என்பார். அந்த ஒரு வசனத்திலேயே பாதி விற்பனை முடிந்துவிடும்.

மலர் முன் இருக்கையில் இருந்தார். ஆசனத்தைப் பின்னுக்கு நகர்த்தியதும் கால் முழுக்க நீண்டது. அவர் சத்தமாகச் சிரித்தார். "இஞ்சப்பா, றோட்டு எனக்கு முன்னுக்குத் தெரியுது!" என்றார். தவராசா அண்ணை மற்றப் பக்கத்தால் ஏறி, மனைவியைப் பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு நான் கொஞ்சம் விலகி நின்றேன்.

பெல்ற்றைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மலர் சொன்னார். ஆசனம் வெகுதூரம் பின்னால் இருந்ததால் பட்டி எட்டவில்லை. நான் குனிந்து அதை முழுவதும் வெளியே இழுத்துக் கொடுத்தேன். வழக்கமாக யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை. சுருளுக்குள் கிடக்கும் அடிப்பகுதி வெளியே வந்தபோது அதில் பழுப்பாக ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்குக் கீழே துணி விறைத்திருந்தது. கையில் மண் ஒட்டியது. குளத்து மண்ணின் வாசம்.

வெள்ளத்தில் மூழ்கிய கார்களை அமெரிக்காவில் கழித்துவிடுவார்கள் என்றும், சிலர் அவற்றை வாங்கிக் கழுவிக் காயவைத்து வேறு நாடுகளுக்கு அனுப்புவார்கள் என்றும் எனக்குத் தெரியும். மேலே தெரிகிற இடமெல்லாம் கழுவுவார்கள். பட்டியின் சுருளுக்குள் யார் கழுவுகிறார்கள்? இப்படிப்பட்ட கார் கொஞ்சக் காலம் ஒழுங்காக ஓடும். உள்ளே வயர்கள் மெல்ல மெல்ல அரித்துக்கொண்டே போகும். பிறகு ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும்.

"தம்பி, இது என்ன?" என்று பிரதீபனிடம் காட்டினேன்.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "ஆரோ கோப்பி ஊத்தியிருப்பினம் அக்கா."

நான் காரைச் சுற்றி வந்தேன். மற்றக் கதவுகளைத் திறந்து ஒவ்வொரு பட்டியாக முழுவதும் இழுத்தேன். எல்லாவற்றிலும் அதே கோடு, அதே உயரத்தில். பிரதீபன் என் அருகே வந்து, "இப்போது வேண்டாம். பிறகு உள்ளே கதைப்போம்" என்று டொச்சில், ஜெர்மன் மொழியில், மெதுவாகச் சொன்னார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு தருணம் வரும். பிறகு கதைக்கலாம், அறைக்குள் கதைக்கலாம் என்பார்கள். மரியாதையாகத்தான் சொல்வார்கள். நீங்கள் அறைக்குள் போவீர்கள், உண்மையும் உங்களோடு உள்ளே வந்து அங்கேயே நின்றுவிடும். வெளியே வாடிக்கையாளர் கையெழுத்து வைத்துக்கொண்டிருப்பார். காசு கொடுக்கிறவருக்கு முன்னால், அவருக்கு விளங்குகிற பாஷையில், அந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

நான் சொன்னேன். "அண்ணை, இந்தக் கார் வெள்ளத்துக்குள்ள நிண்டது. வாங்காதைங்கோ."

தவராசா அண்ணை எனக்கு நன்றி சொல்வார் என்று நினைக்கிறீர்களா? அவர் முகம் கறுத்தது. மனைவி சிரித்து அவர் பார்த்து எவ்வளவு காலமோ. அந்தச் சிரிப்பை நான் பறிக்கிறேன் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும்.

"தம்பி கோப்பி எண்டு சொல்லுறார். நீங்கள் வெள்ளம் எண்டு சொல்லுறியள். நாங்கள் ஒரு நல்ல காரில போனா உங்களுக்கு ஏன் அக்கா எரியுது?"

"எனக்கு எரியேல்லை அண்ணை. இஞ்ச வந்து இந்த மண்ணைத் தொட்டுப் பாருங்கோ."

அவர் தொடவில்லை. பிரதீபன் அவருடைய தோளில் கை வைத்து, "அக்காவுக்கு வேலை கூட, அதுதான்" என்று சிரித்தார். சத்தம் கேட்டு ஷெஃப் வந்தார். நான் பட்டியைக் காட்டி டொச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. அதுதான் எனக்குப் போதுமான பதில்.

"கார் அரசாங்கப் பரிசோதனையில் தேறியிருக்கிறது. இன்று எல்லாம் வேலை செய்கிறது," என்றார்.

"இன்று," என்றேன். "வெள்ளத்தில் நின்றது என்று அவர்களிடம் நீங்களே சொல்லுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் எடுத்துக்கொண்டு போகட்டும்."

"சாவி கொடுப்பதுதான் உங்கள் வேலை."

"இந்தச் சாவியை நான் கொடுக்க மாட்டேன்."

சாவியை மேசையில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டேன். பிரதீபன் வந்து அதை எடுத்துப்போய்க் கொடுத்தார். கார் வெளியே போகும்போது மலர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். அவரிடம் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அடுத்த கிழமை கோயிலில் ஒரு பெண் எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார், "எங்கட சனம் முன்னேறினா எங்கட சனத்துக்கே பொறுக்காது." நான் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். யாரிடமும் விளக்கம் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் பொறாமை என்றுதான் முடித்திருப்பார்கள்.

இலையுதிர் காலத்தில், ஒரு மழைப் பின்னேரம், மேசைத் தொலைபேசி அடித்தது. மலர்.

"அக்கா, கார் ஓட்டோபானில நிண்டிட்டுது. லைற் ஒண்டும் எரியேல்லை. இவர் பிரதீபன் தம்பிக்கு எடுத்தவர். அவர் இழுக்கிற கொம்பனிக்குச் சொல்லுங்கோ எண்டு வைச்சிட்டார்."

வில்லிலிருந்து வின்ரத்தூர் வரும் நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எல்லாம் அணைந்திருக்கிறது. தவராசா அண்ணை இறுகிப்போன ஸ்ரேறிங்கைத் திருப்பி, வலதுபக்கக் கரைப் பாதையில், இரும்புத் தடுப்பை ஒட்டினாற்போல் கொண்டுபோய் விட்டிருக்கிறார். அதுவே பெரிய காரியம். ஆனால் தடுப்பு மலரின் கதவுக்கு மிக அருகில் இருந்தது. அந்த அகலமான கார், கரைப் பாதையை முழுக்க அடைத்துக்கொண்டு நின்றது. அவருடைய கதவு ஒரு சாண்தான் திறந்தது. மடங்காத காலோடு அதற்குள்ளால் வெளியேற முடியாது. சாரதிப் பக்கத்தால் இறங்கினால் லொறிகளின் முன்னால்தான் இறங்க வேண்டும். கியரும் மின்சாரத்தில் வேலை செய்வது. அதனால் காரைத் தள்ளி நகர்த்தவும் வழியில்லை. பின்னால் வருகிறவர்களுக்கு மினுக்கிக் காட்ட ஒரு விளக்கும் இல்லை. எச்சரிக்கை முக்கோணம் பின்பெட்டிக்குள். பெட்டியைத் திறப்பதும் ஒரு மின்சாரப் பொத்தான்.

ஒரு காதில் மலரை வைத்துக்கொண்டு மற்றத் தொலைபேசியில் பொலிசுக்கு அடித்து இடத்தைச் சொன்னேன். வருகிறோம், காரில் இருப்பவர்கள் முடிந்தால் தடுப்புக்கு அப்பால் போய் நிற்கட்டும் என்றார்கள். முடிந்தால்! அவருக்கு முடியாது என்று இரண்டு முறை சொன்னேன்.

"அண்ணையிட்ட குடுங்கோ," என்றேன்.

"உங்கட கராஜால வந்த வினை!" என்று அவர் கத்தினார். நான் கத்த விட்டேன். மூச்சு வாங்க நிறுத்தியபோது கேட்டேன்.

"அண்ணை, வேலைக்குப் போடுற மினுங்கல் ஜக்கெற் காருக்குள்ள இருக்கோ?"

"பின் சீற்றில கிடக்கு."

"பின்னுக்கு ஏறி, பின் கதவால வெளியில போங்கோ. நீங்கள் மெலிஞ்ச ஆள், அந்த இடைவெளி காணும். தடுப்புக்கு அங்கால நிண்டு, வாகனம் வாற பக்கமா நல்ல தூரம் நடந்துபோய் ஜக்கெற்றை ஆட்டுங்கோ. தடுப்பைத் தாண்டி இஞ்சால வரவேண்டாம்."

"இவவைத் தனிய விட்டிட்டோ? உங்களுக்கு விசரோ?"

வெளியேற முடியாத மனைவியை இருட்டிக் கிடக்கும் காருக்குள் விட்டுவிட்டுப் போ என்று ஒருவரிடம் தொலைபேசியில் சொல்ல நான் யார்? ஆனால் அவர் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் வருகிற லொறிக்குத் தெரியப்போவதில்லை. இருவரும் சேர்ந்து இருப்பார்கள், அவ்வளவுதான். நான் திரும்பச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மலரின் குரல் கேட்டது.

"போங்கோ அப்பா. அக்கா சொல்லுறதைச் செய்யுங்கோ. போனை என்னட்டத் தந்திட்டுப் போங்கோ."

போனார். பின் கதவு தடுப்பில் மோதும் சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு நானும் மலரும்தான். பெல்ற்றைக் கழற்ற வேண்டாம், தலையைப் பின்னால் சாத்தி வைத்திருங்கள் என்றேன். ஒவ்வொரு லொறி கடக்கும்போதும் கார் குலுங்குவதும் அவர் "முருகா" என்பதும் கேட்டது. மேசைக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர் வந்து நின்று மணியை அடித்தார். நான் அவரைப் பார்த்துக் கையைக் காட்டினேன். திரும்ப அடித்தார். மணியை எடுத்து இழுப்பறைக்குள் போட்டேன்.

"அக்கா, நீங்கள் சொன்னது உண்மை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும்," என்றார் மலர். "அந்த மண் வாசம் எனக்கும் வந்தது. ஆனா முன்னுக்கு இருக்க எவ்வளவு ஆசையா இருந்தது தெரியுமோ?"

"தெரியும்" என்றேன்.

பிறகு அவர் அழத் தொடங்கினார். நீல வெளிச்சம் கண்ணாடியில் தெரிகிறது என்றார். பொலிஸ் வண்டி பின்னால் நின்று பாதையை மறித்தது. சாரதிப் பக்கக் கதவால் இரண்டு பேர் அவரைத் தூக்கி வெளியே எடுத்தார்கள். ஜக்கெற் அசைவதைப் பார்த்துத்தான் முன்னால் வந்த லொறிகள் விலகிப் போனதாகப் பொலிஸ்காரர் ஒருவர் தவராசா அண்ணையிடம் சொல்லியிருக்கிறார்.

இதோடு முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

சில நாட்களின் பின் இருவரும் கராஜுக்கு வந்தார்கள். இழுத்து வந்த கார் முற்றத்தில் நின்றது. பிரதீபன் உள் அறையில் இருந்தார், வெளியே வரவில்லை. ஷெஃப் என்னைக் கூப்பிட்டு, "நான் சொல்வதை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்" என்றார். பிறகு, ஆழமான தண்ணீருக்குள்ளால் ஓட்டியதால் வந்த பழுது இது, ஓட்டியவரே பொறுப்பு என்றார்.

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. ஒரு பெண் அந்தப் பெட்டிக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய புருஷன் முகத்தைப் பார்த்து இதை என் வாயால் சொல்ல வேண்டுமாம்.

சொன்னேன். ஒரு சொல்லைக்கூட மாற்றாமல், கூட்டாமல் சொன்னேன். பிறகு இரண்டு பாஷையிலும் என்னுடையதைச் சொன்னேன். "இது ஷெஃப் சொன்னது. இனி நான் சொல்லுறது. வாங்கின அண்டைக்கே எல்லா பெல்ற்றிலயும் வெள்ளத்துக் கோடு இருந்தது. இவருக்கு நான் காட்டினனான். எங்க கூப்பிட்டுக் கேட்டாலும் வந்து இதைச் சொல்லுவன்."

"நீங்கள் என்னிடம் வேலை செய்கிறீர்கள்," என்றார் ஷெஃப்.

"ஓம். அதனால்தான் எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகுதான் அவர் காரைத் திரும்ப எடுப்பதாகவும் கொடுத்ததைத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறைக்குள் வரவில்லை. சில வாரங்களில் அதே காரைக் கழுவிப் பூசித் திரும்ப முற்றத்தில் நிறுத்தினார்கள். அதைப் பார்த்த அன்றே நான் வேலையை விட்டேன். அது பிறகு யாரிடம் போனது, இன்று எந்தத் தெருவில் ஓடுகிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது இன்றைக்கும் என்னை நிம்மதியாக இருக்க விடுவதில்லை.

பெரிய காருக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான் என்று வில்லில் பலர் சொன்னார்களாம். ஏன்? ஆசை என்ன குற்றம் செய்தது? வெள்ளத்தில் நின்ற காரை விற்றவன் இருக்க, காலை நீட்டி இருக்க ஆசைப்பட்டவள் மேலா பழி? நான் ஓல்டனுக்கு வந்த பிறகு தவராசா அண்ணை தொலைபேசி எடுத்தார். பழையதைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கவில்லை. "அதே மாதிரிக் கார்தான் வேணும். நீங்கள் பாத்துச் சொல்லுங்கோ" என்றார். ஒரே குடும்பம் ஆரம்பத்திலிருந்து இங்கேயே வைத்திருந்த ஒன்றைத் தேடிப் பிடித்தோம். அது இன்னும் ஓடுகிறது. மலர் முன்னால்தான் இருக்கிறார்.

ஆனால் ஷ்லீரனில் அவர்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று நடந்ததைச் சொல்லாமல் முடிக்க என்னால் முடியவில்லை. எல்லாம் முடிந்து அவர்கள் வாசலுக்குப் போகும்போதுதான் பிரதீபன் அறையை விட்டு வெளியே வந்தார். "சொறி அக்கா, எனக்கு ஒண்டும் தெரியாது," என்று மலரிடம் சொன்னார். அதே சிரித்த முகம்.

மலர் ஊன்றுகோலை நிலத்தில் ஊன்றித் திரும்பினார். சத்தம் போடவில்லை.

"தம்பி, நீர் அண்டைக்கு டொச்சில கதைச்சிருந்தா நான் நாலு பேரிட்ட விசாரிச்சிருப்பன். தமிழில சொன்னபடியாத்தான் விசாரிக்கேல்லை."

அவர்கள் போய்விட்டார்கள். கதவு மூடியது. பிரதீபன் என் பக்கம் திரும்பி, "இது வியாபாரம்தானே" என்று டொச்சில் சொன்னார்.

"அதைத் தமிழில சொல்லும்," என்றேன்.

அவர் அறைக்குள் திரும்பிப் போனார்.